நிற்கிறவனுக்கு மார்க் இல்லை

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு பதினொரு மணிக்கு. முந்தின நாள் விருத்தாசலத்தில் நண்பர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் போய் இறங்கிவிட்டேன். முதல்வர் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் போட்ட நாற்காலியில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? வராந்தாவில் நடந்தேன். ஒரு வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

இறுதியாண்டு மாணவர்கள், நாற்பது பேர் இருக்கும். போர்டில் ஆங்கிலத்தில் 'ஆபீஸ் எடிகெட்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளருக்கு முப்பது வயதிருக்கலாம். கழுத்துப்பட்டை, பளபளக்கும் ஷூ. மாதிரி இன்டர்வியூ நடத்திக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி.

ஒரு பையன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். 'மே ஐ கமின் சார்' சரியாகவே சொன்னான். பயிற்சியாளர் எழுந்து நின்று கை நீட்டினார். பையன் லேசாகக் குனிந்து இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தான், கோயிலில் விபூதி வாங்குகிற மாதிரி. வகுப்பு சிரித்தது. "ஒரு கை போதும்ப்பா" என்றார். "ப்ளீஸ் சிட் டவுன்."

பையன் உட்காரவில்லை.

"சிட் டவுன்."

நாற்காலியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சிரித்தான், நின்றான். மூன்றாவது தடவை தமிழில் "அட, உட்காருப்பா" என்றதும் நாற்காலியின் விளிம்பில், முக்கால் வாசி காற்றில், உட்கார்ந்தான். அதற்குள் அவருடைய தாளில் மார்க் விழுந்துவிட்டது. பத்துக்கு நாலு. காரணத்தையும் வகுப்புக்கே படித்துக் காட்டினார். தன்னம்பிக்கை இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சொன்னதைக் கவனித்துச் செய்யவில்லை.

இடைவேளையில் அவனைத் தனியாகப் பிடித்தேன். "ஏன் தம்பி, அவர்தான் ரெண்டு தடவை சொன்னாரே, உட்கார வேண்டியதுதானே?"

"சார் நின்னுக்கிட்டு இருந்தாரே சார்."

அவ்வளவுதான் காரணம்.

அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர், அம்மா நூறு நாள் வேலை, குடும்பத்தில் இவன்தான் முதல் பட்டதாரி என்றெல்லாம் பேச்சுவாக்கில் சொன்னான். பெரியவர் நிற்கும்போது சின்னவன் உட்காரக் கூடாது. எதையும் ஒற்றைக் கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. வாத்தியாரை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது. வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசக் கூடாது. இருபத்தொரு வருஷமாக, தினமும் பரீட்சை வைத்து, தப்புக்குத் தலையில் குட்டு வைத்து வீட்டில் நடத்தி முடித்த பாடத்திட்டம் இது. அவன் அதில் டிஸ்டிங்ஷன். அந்த டிஸ்டிங்ஷனுக்குத்தான் அன்றைக்குக் காலை பத்துக்கு நாலு.

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்ற முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்குச் சரியான பதில், "சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க". இன்டர்வியூவில் அந்தப் பதிலைச் சொன்னால் கதவு அந்தப் பக்கம் இருக்கிறது.

பயிற்சியாளரைத் திட்டத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். திட்ட முடியவில்லை. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசினோம். திட்டக்குடிப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. "நான் முதல் ஆறு இன்டர்வியூல தோத்தேன் சார். ஏன்னு யாருமே சொல்லல. ஒருத்தராவது, தம்பி நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசுற, அதான்னு சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம். நான் இவங்களுக்கு அந்த ரெண்டு வருஷத்தை மிச்சம் பண்ணிக் குடுக்குறேன். கம்பெனி கேக்குறது இதுதான். நான் என்ன பண்ண?"

நியாயமான பதில். ஆனாலும் என் டீ ஆறிப்போனது.

சேத்தியாத்தோப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வெள்ளாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு, எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை, சென்னை–கும்பகோணம் சாலையும் விருத்தாசலம்–சிதம்பரம் சாலையும் வெட்டிக்கொள்கிற நாற்சந்தி, சந்தியில் எந்த நேரமும் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் இந்த ஊர் வழியாகத்தான் குழாயில் ஏறி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. அங்கிருந்து பதிலுக்குக் கை குலுக்கும் வகுப்பு வருகிறது.

இந்த வகுப்புகள் எப்படிப் பெருகின என்பதும் தெரிந்த கதை. 2005-ல் நாஸ்காமும் மெக்கின்சியும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நாலில் ஒருவர்தான் பன்னாட்டுக் கம்பெனிகளில் வேலைக்கு எடுக்கத் தகுந்தவர் என்றது அது. மற்ற மூன்று பேருக்கு என்ன குறை என்று பத்திரிகைகள் எழுதின, கல்லூரிகள் பதறின. 'சாஃப்ட் ஸ்கில்' என்கிற சொல் பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது. 2022 மார்ச்சில் தமிழக அரசு ஆரம்பித்த 'நான் முதல்வன்' திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. நல்லதுதான். தெரியாததைச் சொல்லித் தருவதில் தப்பு இல்லை. என் சண்டை வேறு இடத்தில். ஒரு வீட்டுப் பழக்கத்தை 'திறமை' என்றும் இன்னொரு வீட்டுப் பழக்கத்தைக் 'குறை' என்றும் பேர் வைத்து மார்க் போடுகிறார்களே, அங்கே.

வேலை கிடைத்த பிறகு முடிகிறதா என்றால், இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், இதே கடலூர் மாவட்டம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். முதல் நாளே சொல்லிவிட்டார்களாம்: இங்கே சார், மேடம் கிடையாது, எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேலாளருக்கு நாற்பத்தெட்டு வயது, இவனுடைய பெரியப்பா வயது. 'ரமேஷ்' என்று கூப்பிட இவனுக்கு நாக்கு புரளவில்லை. 'சார்' என்றால் சிரிக்கிறார்கள். என்ன செய்தான் தெரியுமா? கூப்பிடுவதையே விட்டுவிட்டான். பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவான். அவர் தானாகத் திரும்பிப் பார்க்கிற வரை காத்திருப்பான். ஈமெயிலில் மட்டும் 'ஹாய் ரமேஷ்' எழுதுவான், அதற்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. புது மருமகள்கள் மாமனாரிடம் விளிச்சொல் இல்லாமலே வருஷக்கணக்கில் பேசி முடிப்பார்களே, அந்தக் கலை.

மீட்டிங்கில் ஒரு கணக்கு தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று சும்மா இருந்தான். பக்கத்து சீட்டுப் பெண், சென்னையில் கான்வென்டில் படித்தவள், "ரமேஷ், ஐ திங்க் யூ ஆர் ராங்" என்றாள். ரமேஷ் முகம் மலர்ந்து "குட் கேட்ச்" என்றார். வருஷக் கடைசி மதிப்பீட்டில் அவளுக்கு ஒரு படி மேலே. இவனுக்கு 'முன்வந்து பேசுவதில்லை' என்று ஒரு வரி. அந்தப் பெண் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு இவனுக்கும் தெரியும். தெரியாதது, 'நீங்கள் தப்பு' என்று பெரியவரிடம் சொல்லுவது பாராட்டுக்குரிய குணம் என்பது. அதை எந்த நோட்டீஸ் போர்டிலும் எழுதிப் போடவில்லை.

இதெல்லாம் கற்பனைப் புலம்பல் இல்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய கம்பெனிகளின் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசி, 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாங்கள் தகுதியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்றுதான் அந்த அதிகாரிகள் சொல்கிறார்கள். அடுத்த மூச்சில், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்கிறார்கள். அப்பா என்ன வேலை, அண்ணன் என்ன படிப்பு, வளர்ந்தது எங்கே. அமெரிக்காவில் லாரன் ரிவேரா 2015-ல் எழுதிய 'பெடிக்ரீ' புத்தகத்திலும் இதே சங்கதி, பெரிய சட்ட நிறுவனங்களையும் முதலீட்டு வங்கிகளையும் வைத்து. அங்கே ஜாதி கேட்பதில்லை. பொழுதுபோக்கு என்ன என்று கேட்கிறார்கள். படகு வலித்தேன், பனிச்சறுக்கு போனேன் என்றால் 'நம்ம ஆள்'. வெள்ளாற்றில் மீன் பிடித்தேன் என்றால் என்ன மார்க் விழும் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

நம் நீதிமன்றங்களுக்கு இது முன்னாடியே தெரியும். ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு 100 மார்க், நேர்முகம் 50 மார்க் என்று வைத்திருந்தார்கள். எழுத்தில் நன்றாக வாங்கியவர்கள் நேர்முகத்தில் கவிழ்ந்தார்கள், குறைவாக வாங்கியவர்கள் ஏறினார்கள். இரண்டு மூன்று நிமிஷம்தான் பேசினார்கள், அதிலும் அப்பா யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள் என்பது வழக்குப் போட்ட மாணவர்களின் புகார். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தான்தோன்றித்தனம், 15 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

தனியார் கம்பெனிகளுக்கு இந்த 15 சதவிகிதம் பொருந்தாது. அங்கே நூற்றுக்கு நூறும் அந்த அறைக்குள்தான்.

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்கிறார்கள். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, விருத்தாசலம், எங்கே போனாலும் பாருங்கள், சுவரெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் போஸ்டர். குரூப் 4 தேர்வுக்கு 2022-ல் 7,301 இடங்களுக்கு இருபது லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வுக்கு எஞ்சினீயர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பேப்பரில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அரசாங்க வேலை மோகம், பாதுகாப்பு, பென்ஷன் ஆசை என்று காரணம் சொன்னார்கள். எல்லாம் சரிதான். இன்னொரு காரணத்தை அந்தப் பையன்தான் எனக்குச் சொன்னான்: "குரூப் ஃபோர்ல இன்டர்வியூ இல்ல சார். ஓஎம்ஆர் ஷீட்தான். அதுக்கு நாம எப்படி உக்காருறோம்னு தெரியாது."

யோசித்துப் பாருங்கள். எடிகெட் தெரியாததால் வேலை போகிறவர்கள் ஒரு கூட்டம். எடிகெட்டுக்குப் பயந்தே விண்ணப்பம் போடாதவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தை யாரும் எண்ணுவதில்லை.

ஆனால் கதையை இங்கே நிறுத்தி, கிராமத்துப் பிள்ளைகள் பாவம், பட்டணத்துக் கம்பெனிகள் மோசம் என்று முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். குரூப் 4 எழுதி, ஜெயித்து, கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஓர் அலுவலகம். எந்த ஊர், எந்தத் துறை என்பது வேண்டாம். ஒரு சான்றிதழுக்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயதுப் பெரியவர், கையில் கோல், மஞ்சள் பையில் காகிதங்கள். சுவரோரம் இரண்டு நாற்காலி காலி. பெரியவர் உட்காரவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் இருந்த இளைஞனுக்கு இருபத்தாறு வயதிருந்தால் அதிகம். "யோவ், தள்ளி நில்லுய்யா, வெளிச்சம் மறைக்குது" என்றான். அடுத்தது நான். பேன்ட் போட்டிருந்தேன், பாக்கெட்டில் பேனா. "வாங்க சார், உக்காருங்க."

அவனும் 'சார் நின்னுக்கிட்டு இருந்தாரே' வீட்டில் வளர்ந்தவனாகத்தான் இருப்பான். அங்கே கற்ற மரியாதை யார் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் அதே வீட்டில், அதே தெருவில்தான் கற்றிருப்பான். நம்முடைய பழைய மரியாதையைப் பற்றிப் பெருமை பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். அதில் பாதி, வயதுக்குக் கொடுக்கிற மரியாதை. மீதிப் பாதி, ஆண்டையின் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம். துண்டை இடுப்பில் கட்டியவனுக்கும் தோளில் போட்டவனுக்கும் வித்தியாசம் இருந்த ஊர்கள்தானே இவை?

சந்தேகம் இருந்தால் சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறுங்கள். கொஞ்ச நேரத்தில் புவனகிரி. பக்கத்தில் தெற்குத் திட்டை ஊராட்சி. 2020 அக்டோபரில் அந்த ஊராட்சியின் படம் ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தேர்தலில் நின்று ஜெயித்த தலைவர், பட்டியலினப் பெண். படம் வெளியான பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் எல்லாம். அந்த அறையில் ஒருவருக்கும் அது மரியாதைக் குறைவாகப் படவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் பயங்கரம். அவர்கள் கணக்கில் 'வழக்கம்' ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அலுவலக நாகரிகம் என்று ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமானால் முதல் வகுப்பை அங்கே, நாற்காலியில் இருந்தவர்களுக்கு எடுத்திருக்க வேண்டும்.

நாற்காலி என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது தெரியுமா? ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்கிற பெண்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது, அது கடைக்கு மரியாதை இல்லை. நரம்பு சுருட்டிக்கொண்டு கால் வீங்கியது யாருடைய கணக்கிலும் வரவில்லை. கோழிக்கோட்டுப் பெண்கள் போராடி, 2018-ல் கேரளா முதலில் சட்டம் போட்டது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் மசோதா வந்தது: எல்லாக் கடைகளிலும் ஊழியருக்கு இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன், இதே கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். சட்டம் வந்துவிட்டது. அடுத்த தடவை தி.நகர் போகும்போது அந்தப் பெண்களின் காலைப் பாருங்கள், நாற்காலி கண்ணில் பட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் நினைத்தால் எடிகெட்டைக் கழற்றி வைக்கலாம். நீதிபதிகளை 'மை லார்ட்' என்று அழைக்க வேண்டாம், உயர் நீதிமன்றங்களில் 'யுவர் ஆனர்' போதும் என்று இந்திய பார் கவுன்சில் 2006-லேயே விதி போட்டுவிட்டது. பழக்க தோஷம், அதற்குப் பிறகும் 'மை லார்ட்' ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே.சந்துரு, தன்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று வக்கீல்களிடம் சொன்னார். செங்கோல் பிடித்து முன்னால் நடக்கிற டவாலியும் வேண்டாம் என்றார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற அன்று வழியனுப்பு விழாவைத் தவிர்த்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். பாராட்ட வேண்டிய காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அதே கோர்ட்டில் நேற்றுச் சேர்ந்த ஜூனியர் ஒருவர், விதிப்படிதான் என்று சொல்லி, சந்துரு இல்லாத இன்னொரு நீதிபதியிடம் 'மை லார்டை' விட்டுப் பார்த்திருந்தால்? சீனியர் அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருப்பார்.

வேட்டி விவகாரம் ஞாபகமிருக்கும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க கிளப்பில் புத்தக வெளியீட்டுக்கு வேட்டியோடு போன நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, உடையைக் காட்டிப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நல்ல சட்டம். நிறுத்தப்பட்டவர் நீதிபதி என்பதால் ஒரு மாதம். செருப்புப் போட்டு இன்டர்வியூவுக்குப் போய் வாசலோடு திரும்பி வந்தவர்களுக்கு எத்தனை மாதம் என்று தெரியவில்லை.

அந்த வகுப்பிலேயே ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், எனக்குக் கை குடுக்கப் பிடிக்காது. வணக்கம் சொல்லலாமா?" பயிற்சியாளர் தடுமாறினார். "கம்பெனி கல்ச்சரைப் பாத்து நடந்துக்கணும்மா" என்றார். எனக்குப் பின் பெஞ்சிலிருந்து ஒன்று சொல்லத் தோன்றியது. 2020-ல் கொரோனா வந்தபோது கை குலுக்கல் ஒரே வாரத்தில் உலகத்திலிருந்து மறைந்தது. பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸே கையைக் கூப்பினார். கை குலுக்காததால் எந்தக் கம்பெனியும் கவிழ்ந்ததாகத் தகவல் இல்லை. 'உறுதியான கைகுலுக்கல் உறுதியான மனசைக் காட்டும்' என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள் அந்தச் சமயத்தில் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் வேலை இடத்தில் மரியாதையே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். முந்தின நாள் சாயங்காலம் விருத்தாசலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நண்பருக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. விருத்தாசலம் பீங்கான் என்றால் ஃப்யூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு. எம்.சி.பி. ஸ்விட்ச் வந்த பிறகு ஃப்யூஸ் கட்டைக்கு மவுசு போய்விட்டது என்று அலுத்துக்கொண்டார். பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. அச்சிலிருந்து எடுத்து, காய்வதற்காகப் பலகையில் அடுக்கியிருந்த பிள்ளையார் ஒன்றைத் தொடப் போனேன். "தொடாதீங்க சார்!" என்று ஒரு சத்தம். சத்தம் போட்டது ஓர் அம்மா, கூலிக்கு வேலை செய்கிறவர். சுடாத மண், விரல் பட்டால் மூக்கு போய்விடும். முதலாளியின் விருந்தாளி ஆயிற்றே என்று அவர் யோசிக்கவில்லை. முதலாளியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுக்குகிறவர் அடுக்கி முடிக்கிற வரை யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை, முதலாளி உட்பட. சூளைக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது ராத்திரி ஆளிடம் நெருப்பு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை மணிக்குக் குறைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அந்த ஆள் திருப்பிச் சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார்.

அதை யாரும் எடிகெட் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது: உடைந்துவிடும், கருகிவிடும், அடுத்தவன் உழைப்பு வீணாகும். மேலே கீழே என்கிற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஆபீஸுக்கும் இந்த மாதிரிப் பழக்கங்கள் உண்டு. சொன்ன நேரத்துக்கு வருவது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வது. கேட்ட ஈமெயிலுக்குப் பதில் போடுவது. அடுத்தவர் செய்த வேலையைத் தன் பேரில் காட்டாமல் இருப்பது. தன் தப்பைக் கீழே இருப்பவன் தலையில் கட்டாமல் இருப்பது. ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிக்காமல் இருப்பது. கடைசி மூன்றையும் எந்தப் பயிற்சியாளரும் போர்டில் எழுதி நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அவை மேலாளர்களுக்கான பாடம், மேலாளர்கள் இந்த வகுப்புக்கு வருவதில்லை. கேன்டீனில் பயிற்சியாளரிடமே கேட்டேன், இன்டர்வியூ எடுக்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கலாமே, நிற்கிற பையன் ஏன் நிற்கிறான் என்று. சிரித்தார். "அதுக்கு யார் சார் பீஸ் கட்டுவாங்க?"

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. படியில் ஏறியதுமே ஒரு குரல்: "சார், இங்க வாங்க!" காலையில் பத்துக்கு நாலு வாங்கிய அதே பையன். ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்து நின்றான். வேண்டாம் தம்பி, நான் நின்னுக்கிறேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன், ஒரே ஒரு தடவை. அவன் நகரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவனுடைய பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. கம்பியைப் பிடித்தபடி குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்: "சார், ஒரு சந்தேகம். இன்டர்வியூல சேர்ல உக்காந்ததும் கைய எங்க சார் வைக்கணும்? மடியிலயா, கைப்பிடியிலயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் இரண்டு கையும் அவன் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. விருத்தாசலம் வரை அவன் நின்றுகொண்டே வந்தான்.